மரத்தடியில் நுழைந்த சிவப்புக் கார்

ஜீப்பை விற்றுவிட்டு மகேந்திரன் அந்தச் சிவப்புக் காரை வாங்கிய நாளிலிருந்து, அவன் மனைவி கலைமணி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவனை வதைத்தது. திட்டியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பான்.

ஐரோப்பாக் கம்பெனியின் சின்னக் கார். கொடைக்கானலை விட்டுப் போன ஒரு இஞ்சினியர் கைமாற்றிவிட்டது. கதவைச் சாத்தினால் மூட்டையை இறக்கிவைத்ததுபோல் கனமான சத்தம் கேட்கும். கொண்டை ஊசி வளைவில் ரோட்டைக் கவ்விக்கொண்டு திரும்பும். பதினைந்து வருஷம் ஜீப்பில் பூண்டு மூட்டை ஏற்றியவனுக்கு, ஒரு தடவை ஓட்டிப் பார்த்ததுமே மனசு அதன்மேல் போய்விட்டது.

ஆனால் பெருமாள்மலையில் அவன் வீட்டுக்குப் போகும் கல்பாதையில் காரின் அடிவயிறு தட்டியது. தார் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டியிருந்தது. பின்சீட்டில் காலை மடக்க முடியாத மாமனார் இருளப்பன், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் லாரியில் நின்றுகொண்டே போன மனுஷன், எனக்கு பஸ்ஸே போதும் என்றுவிட்டார். பக்கக் கண்ணாடி உடைந்தபோது கோயம்புத்தூரிலிருந்து புதுசு வர நாற்பது நாள் ஆயிற்று. மகேந்திரன் பாதிச் சோற்றில் எழுந்து போய், மாடு ஏதும் காரை உரசுகிறதா என்று பார்த்துவிட்டு வருவான்.

அந்த வருஷம் ஆகஸ்டில் கலைமணிக்குத் திண்டுக்கல்லில் ஆசிரியர் பணிக்கான கவுன்சலிங் வந்தது. பயிற்சி முடித்துப் பதிந்துவைத்து ஒன்பது வருஷம் காத்திருந்தவள். பத்து மணிக்குப் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால், பக்கத்து ஊர்ப் பள்ளிகளெல்லாம் மற்றவர்களுக்குப் போய்விடும். காலை ஆறு மணிக்கே கிளம்பினார்கள். இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது.

நாலாவது வளைவைத் தாண்டியதும் பஸ்ஸும் வேனும் வரிசையாக நின்றன. பெரிய மரம் ஒன்று சரிந்து, மேட்டில் சாய்ந்தபடி ரோட்டை மறித்துக் கிடந்தது. அந்தப் பக்கமும் வண்டிகள் திரும்ப வழியில்லாமல் நெருக்கிக்கொண்டு நின்றன. வேன் டிரைவர் ராமர், ரம்பம் வத்தலக்குண்டிலிருந்து வரவேண்டும், பத்து மணியாகும் என்றார்.

மகேந்திரனுக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. மரம்வரை நடந்தான், திரும்பினான், மறுபடி நடந்தான். மேட்டோரமாக மரத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது. ஜீப் நுழையாது. காரின் கூரை அவன் சட்டையின் இரண்டாவது பித்தானுக்கு வந்தது. மரத்தை ஒட்டிப் போய் நின்றான். அதன் அடிப்பக்கமும் அதே பித்தான்.

"காத்தை எறக்குனா நுழையும்," என்றார் ராமர். "ஆனா கீழ கட்டையெல்லாம் கெடக்கு. அடி வாங்கும்."

மகேந்திரன் காரைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். அவள் ஏற்கெனவே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

நாலு சக்கரத்திலும் காற்றைக் குறைத்து, ஊர்ந்து நுழைந்தான். கூரையில் மரம் உரசிய சத்தத்தில் அவனுக்குப் பல் கூசியது. அடியில் ஏதோ மடாரென்று இடித்தது. வெளியே வந்ததும் பம்பை எடுத்துக் காற்றடித்துக்கொண்டு, நின்ற வண்டிகளின் ஓரமாகவே நுழைந்து இறங்கினார்கள். வழியெல்லாம் அவன் காது காரின் அடியிலேயே இருந்தது.

"வெரசாப் போங்க," என்றாள் கலைமணி.

வத்தலக்குண்டு எல்லையில் டாஷ்போர்டில் ஆயில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. உடனே எஞ்சினை அணைத்தான். கலைமணி இறங்கி ஓடி, கிளம்பிக்கொண்டிருந்த திண்டுக்கல் பஸ்ஸில் தொற்றிக்கொண்டாள்.

காரைத் தள்ளிச் சேர்த்த பட்டறையில், எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் சட்டி உடைந்திருப்பதாகச் சொன்ன மெக்கானிக் ஞானவேல், புதுசு வர மூன்று வாரமாவது ஆகும் என்றார். மகேந்திரன் அதைக் காதில் வாங்கவில்லை. செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறைக்கும் டீக்கடைக்கும் நடந்தபடியே இருந்தான். ஒன்றரை மணிக்கு அழைப்பு வந்தது.

"பாலசமுத்திரம் பள்ளிக்கூடம் கெடச்சிருச்சுங்க."

 காரை விற்றுவிடலாம் என்று இருப்பதாக மகேந்திரன் சொன்னான்.

"அதை எதுக்கு இப்போ விக்கணும்? நாம குடிபோற பாலசமுத்திரத்துல வீட்டு வாசல் வரைக்கும் தார் ரோடுதான்," என்றாள்.

சாயங்காலம் அவள் வத்தலக்குண்டு திரும்புவதற்குள் மரத்தை வெட்டி வழிவிட்டிருந்தார்கள். கொடைக்கானல் பஸ்ஸில் இருவருக்கும் உட்கார இடம் கிடைக்கவில்லை. அவள் கம்பியைப் பிடித்தபடியே கண்ணயர்ந்தாள். அவன் ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதிப்பதுபோல் வலது காலால் தரையை அழுத்திக்கொண்டே வந்தான்.