முதுகுத் தகடு

தசராவுக்கு முதல் நாள் தாக்கூர் குமான்சிங் கவசத்தைப் போட்டுப் பார்த்தார். சேரவில்லை. நெஞ்சுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, விலாவுக்கு இரண்டு என்று நான்கு எஃகுத் தகடுகள். எல்லாவற்றிலும் தங்கக் கம்பி இழைத்த பூக்கொடி. வாரை எவ்வளவு இழுத்தாலும் கொக்கி எட்டவில்லை.

கவசமில்லாமல் தசரா சபைக்குப் போனால், ராஜாவுக்கு வலப்பக்கத்து முதல் இருக்கை பங்காளி ஜோராவருக்குப் போய்விடும். அந்தப் பயல் அதற்காகவே உயிரோடு இருக்கிறான்.

“ஜோராவர் ஆள் வச்சு தகட்ட ராவியிருக்கான்,” என்றார்.

“ராவுனா பூவும்ல போயிருக்கும்?” என்றாள் மனைவி சுகன்கன்வர்.

“அப்ப மழையில எஃகு சுருங்கியிருக்கு.”

“மார்வாட்ல பேஞ்சதே ரெண்டு தூறல். நீங்க முழுங்குன நெய்யுருண்டையப் பாத்துப் பயந்து சுருங்கியிருக்கும்.”

தாக்கூர் முறைத்தார். அவள் அசரவில்லை.

“ராஜாவுக்கு எவன் முதுகக் காட்டப் போறான்? வரும்போதும் பின்பக்கமாவே நடந்துதான வரணும். முதுகுத் தகடு பொட்டியிலயே கெடக்கட்டும்.”

கால்சராய் நாடா ஒன்றை எடுத்து வந்து, விலாத் தகடுகள் இரண்டையும் முதுகுப் பக்கம் இழுத்துக் கட்டினாள்.

மறுநாள் தாக்கூர் சால்வையைப் போர்த்திக்கொண்டு போய், சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்தார். வாள் பூசை முடிந்து வெற்றிலை வந்தது. ஜோராவர் எழுந்து ராஜாவைக் கும்பிட்டான்.

“ஹுகும், குமான் அண்ணனோட முதுகுத் தகட்டுல சூரியன் இழைச்சிருக்காம். சபை ஒருதரம் பாக்கட்டுமே.”

தாக்கூர் முதுகைச் சுவரோடு இன்னும் அழுத்திக்கொண்டார். இவன் கழுத்தை எந்தப் பக்கத்திலிருந்து நெரிப்பது என்பது மட்டுமே மனதில் ஓடியது.

ராஜாவின் முகம் திடீரென்று சிவந்தது.

“என் முன்னாடி முதுகக் காட்டச் சொல்றியா? நாளைக்கு என்னையும் திரும்பி நிக்கச் சொல்லுவ. போ, கடைசி வரிசையில உக்காரு.”

சொல்லிவிட்டு அவசரமாக எழுந்தார். அவர் உள்ளே போகும்வரை யாரும் தலை நிமிரக்கூடாது. எல்லோரும் குனிந்தார்கள். குனிந்திருக்கும்போது எவன் என்ன செய்வானோ என்று தாக்கூர் மட்டும் ஒரு கண்ணை மேலேயே வைத்திருந்தார்.

வாசற்படியில் ராஜாவின் சரிகைச் சால்வை நழுவியது. அவர் முதுகிலும் தகடு இல்லை. இரண்டு விலாத் தகடுகளுக்கும் நடுவே நீல நிறக் கால்சராய் நாடா, முடிச்சு மேல் முடிச்சாக.

வீட்டுக்கு வந்ததும் சுகன்கன்வர் கேட்டாள்: “இருக்கை?”

“நம்மகிட்டதான்.” தாக்கூர் நாடாவை அவிழ்த்து அவளிடம் கொடுத்தார். “ரெண்டு தூறல்னு நக்கலடிச்சியே. அரமணையிலயும் சுருங்கியிருக்குடி.”