கத்தியை நிறுத்திய கொசு

என் தங்கைக்குக் கொசு என்று பெயர் வைத்தவன் நான்தான். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்?

என் இடது சிறுநீரகத்தில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி இருப்பதாக ஸ்கேன் சொன்னது. புற்றுநோய்தான், சிறுநீரகத்தையே எடுத்துவிடலாம் என்றார் அறுவை டாக்டர். வெல்டிங் பட்டறைக்காரன் நான். கெட்டதை வெட்டி எறிவது எனக்குப் புதிதா என்ன? தேதி குறித்தாயிற்று.

முந்தின நாள் ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் முப்பத்தோராயிரம். ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டுமாம். இவ்வளவு குறைந்தால் ரத்தம் உறையாது, கத்தி வைக்க முடியாது.

"வெளியிலேருந்து ஏத்திட்டு நாளைக்கே பண்ணிடலாம்," என்றார் டாக்டர். எனக்கும் சரியென்று பட்டது.

கொசுவுக்குப் படவில்லை. என் ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் தானே எண்ணிவிட்டு வந்து கட்டிலருகே நின்றாள்.

"மெஷின் சரியாத்தான் சொல்லுது சார். சிறுநீரகத்துல கட்டி மட்டும்னா பிளேட்லெட் எதுக்கு இப்படிக் குறையணும்? காரணம் தெரியாம வெட்டாதீங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வாயை மூடு கொசு. டாக்டருக்கே பாடம் எடுக்கிறியா?"

"கையை நீட்டுண்ணே." முழங்கை வரை நீலமாகக் கன்றிப்போன திட்டுகள். "இது என்ன?"

"பட்டறைல இடிச்சுக்கிட்டது."

"ரெண்டு கையிலயுமா? முதுகிலயுமா?"

டாக்டர் நல்ல மனிதர், தேதியைத் தள்ளிவைத்தார்.

இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். நிணநீர்ப் புற்றுநோய். சிறுநீரகத்தில் கட்டியாக உட்கார்ந்த அதே நோய் மஜ்ஜைக்குள்ளும் புகுந்து, பிளேட்லெட் உருவாகிற இடத்தை அடைத்திருந்தது. இதற்கு மருந்துதான், கத்தி வேண்டாம் என்றார்கள். அன்று வெட்டியிருந்தால் சிறுநீரகமும் போயிருக்கும், நோயும் உள்ளேயே இருந்திருக்கும்.

ஆறு சுற்று மருந்து. முடியெல்லாம் கொட்டியது, கோபம் மட்டும் போகவில்லை. நேற்று எடுத்த ஸ்கேனில் கட்டியைக் காணோம். பிளேட்லெட் ஒரு லட்சத்து எண்பதாயிரம். ரத்தப் பரிசோதனைச் சீட்டின் அடியில் கொசுவின் கையெழுத்து.

லேப் வாசலில் வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் அந்தச் சீட்டைக் காட்டினேன். "உள்ளே இருக்கிறது என் தங்கச்சிங்க," என்று கேட்காதவர்களுக்கும் சொன்னேன். பெருமையில் வாய் தவறி, "கொசு, வெளியே வா," என்று கத்தியும்விட்டேன்.

வரிசையில் ஒருவர் சிரித்தார். "கொசுவா? பொருத்தமான பேருதான்."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க மேடம்னு கூப்பிடுங்க. கொசுன்னு கூப்பிட, அவளால ரெண்டு கிட்னியோட நிக்கிற எனக்கு மட்டுந்தான் உரிமை."