மீந்த மருந்து

ராக்காயியை எனக்குக் கண்டாலே ஆகாது. விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனியில் ஆறு வருடமாக ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து குழாய்களில் மருந்து அடைக்கிறோம். இடையில் அவள் சர்ச்சுக்குப் போக ஆரம்பித்தாள். அன்றிலிருந்து அவள் முகத்தில் கவலை என்பதே கிடையாது. அதுதான் எனக்கு எரிச்சல்.

"நாளைக்கு மழை வந்தா வேல கிடையாதேக்கா" என்று நான் புலம்பினால், "நாளைக்கு உள்ளத நாளைக்குப் பாப்போம் வேல்விழி. குருவிக்கெல்லாம் இரை குடுக்கிறவரு நம்மள விட்டுருவாராக்கும்?" என்பாள். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு இரண்டு பிள்ளைகளோடு அல்லாடுகிற என்னிடம் குருவிக் கதை! எந்தக் குருவி பள்ளிக்கூடத்துக்கு நோட்டு வாங்கியது?

அந்தப் புதன்கிழமை வெம்பக்கோட்டைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வீட்டில் இரண்டு நாளைக்குத்தான் அரிசி. மழை பிடித்தால் கம்பெனி எத்தனை நாள் மூடிக் கிடக்குமோ! காலையில் மருந்து கலந்து எங்கள் கைக்கு வர ஒன்பது மணியாகும். சாயங்காலம் மீந்ததைப் போர்மேனிடம் ஒப்படைத்துவிட வேண்டும். இராத்திரி ஈரக்காற்றில் கிடந்த மருந்து தானாகச் சூடேறி வெடிக்கும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தேதான் மீந்த மருந்து டப்பா ஒன்றைக் காலிக் குழாய்களுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். விடிந்ததும் வந்து உட்கார்ந்தால், மழைக்கு முன்னால் இரண்டு மணி நேர வேலையைக் கூடுதலாகப் பார்த்துவிடலாம்; அடைக்கிற குழாய்க்குத்தானே கூலி.

ராக்காயி பார்த்துவிட்டாள்.

"குடுத்துரு வேல்விழி. இன்னைக்கு உள்ளது இன்னைக்கோட போகட்டும்."

"ஒஞ் சோலியப் பாருக்கா."

அவள் நேரே போர்மேன் சீனிவாசகத்திடம் போனாள். அவர் வந்து டப்பாவைக் கண்டதும் கத்தினார்.

"அம்புட்டுப் பேரையும் கொல்லப் பாத்தியா நீ? ஒரே ரூமுக்காரிக, ரெண்டு பேரும் ஒரு வாரத்துக்கு இந்தப் பக்கம் தல காட்டக் கூடாது!"

காட்டிக்கொடுத்தவளுக்கும் அதே தண்டனை. அந்த மட்டுக்கும் எனக்கு சந்தோஷம்.

கேட்டுக்கு வெளியே அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தேன். "எம் பிள்ளைக வயித்துல அடிச்சிட்டியே, பாவி! ஒன் ஆண்டவரு வந்து எனக்கு ஒல வைப்பாரா?"

அவள் என் கையை விலக்கிவிட்டு முடியை அள்ளி முடிந்தாள். "வைப்பாரு" என்று சொல்லிவிட்டு நடந்தாள். நான் காறித் துப்பினேன்.

மழை பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை மத்தியானம் பானை காலி. அப்போது ராக்காயி நனைந்துகொண்டே வந்து நின்றாள், கையில் தூக்குவாளி நிறைய அரிசி. நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள் ரோஜா அதை வாங்கி உள்ளே கொண்டுபோய்விட்டாள்.

"அனுப்பிட்டாராக்கும் ஒன் ஆண்டவரு?"

"ஆமா" என்று சொல்லிவிட்டு மழையிலேயே திரும்பிப் போனாள்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இவள் போடுகிற பிச்சையில் நான் பிழைக்க வேண்டுமா? உள்ளே போய்ப் பார்த்தால், ரோஜா பாதி அரிசியைக் களைந்து உலையில் போட்டிருந்தாள். மிச்சத்தை ராக்காயி மூஞ்சியில் விட்டெறிந்துவிட்டு வருவதென்று வாளியோடு கிளம்பினேன்.

அவள் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அரிசி டின் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. அவளும் அவள் புருஷன் சங்கிலிமுத்துவும் ஆளுக்கொரு டம்ளர் வரக்காப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"இருந்ததையும் தூக்கிக் குடுத்துட்டு வந்துட்ட. ராத்திரிக்கு என்ன பண்ணப் போற?" என்று அவன் கேட்டான்.

"குடுப்பாரு" என்றாள். கண் மட்டும் கவிழ்ந்து கிடந்த டின் மேலேயே இருந்தது.

வாசலில் நின்ற எனக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. எறிய வந்த கை எழவில்லை. உள்ளே போய் வாளியை அவள் முன்னால் ணங்கென்று வைத்தேன்.

"இந்தா, பிடி. ஒன் ஆண்டவரு குடுத்து விட்டாரு."

ராக்காயி வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காத" என்றேன். "ஒன்னயக் கண்டாலே எனக்கு ஆகாது."