அண்ணன் விட்டுவைத்த பிழை

அண்ணன் நடுக்கடலில் காணாமல் போனான். அவன் கப்பல் பிறகு உடைப்புக்குப் போனது. அதிலிருந்து வந்த செக்ஸ்டன்ட் ஒன்றை விலைபேசத்தான் வனமாமலை செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்கு வந்திருந்தான். நட்சத்திரத்தை அளந்து கப்பல் நிற்கும் இடத்தைச் சொல்லும் கருவி அது.

“ஒரிஜினல் பித்தள சார், ஷோகேஸ் பொம்ம இல்ல,” என்றான் பழைய இரும்புக் கடைக்காரன் கன்னியப்பன். வனமாமலையைவிட இளையவன்.

அண்ணனுடையது என்றால் அடையாளம் உண்டு. பூஜ்யத்தில் வைத்துப் பார்த்தால் தொடுவானக் கோடு பாதியில் உடைந்து, கண்ணாடியில் விழும் பாதி ஒரு நூலிழை அளவு கீழே நிற்கும். “சரி பண்ணிராதல, எவ்வளவு தப்புன்னு எனக்குத் தெரியும், கழிச்சுக்கிடுவேன்,” என்பான் அண்ணன்.

வனமாமலை பார்த்தான். எதிர்க்கரை உடைந்துதான் தெரிந்தது. ஆனால் ஒரகடம் தொழிற்சாலையில் அளவுக் கருவிகளின் பிழையை நீக்கி ஓகே ஸ்டிக்கர் ஒட்டுவது அவன் வேலை. எவ்வளவு பிழை என்று படிக்கும் முன்பே, பழக்கத்தில் விரல் பிழைதிருத்தும் திருகைத் திருப்பிவிட்டது. கோடு ஒட்டிக்கொண்டது.

“அடையாளத்த நானே அழிச்சிட்டேன்.”

“ரிப்பேர் பண்ணிட்டு அழுவுற மொத ஆளு நீதான் சார்.”

மறுபடி கண்ணில் வைத்தான். யாரும் எதையும் தொடவில்லை. எதிர்க்கரையின் பாதி மட்டும், யாரோ வீம்பாக இழுத்ததுபோல, மெல்ல இறங்கிப் பழைய இடத்தில் நின்றது.

வனமாமலை விரலைத் திருகிலிருந்து எடுத்தான்.

“இனிமே தொடமாட்டேண்ணே,” என்றான்.

கன்னியப்பன் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, பேரம் பேசாமல் கருவியைப் பெட்டியில் வைத்து மூடிக் கொடுத்தான்.