நாற்பது லட்சச் சுவர்

1

விலைமதிப்பற்ற அந்தச் சுவரின் விலை நாற்பது லட்சம். காப்பீட்டுத் தாளில் அப்படித்தான் போட்டிருக்கிறது. வியாபாரியான என் அப்பாவாக இருந்தால், "காரை உதிருது பாருங்க" என்று உதட்டைப் பிதுக்கி, முப்பத்திரண்டுக்கு முடித்து, ஜன்னலையும் சேர்த்து வாங்கியிருப்பார். அவர் மகனான நான் அந்தச் சுவருக்குக் கீழே மாட்டும் பலகைக்கு நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். அந்த நான்கு வரியிலிருந்து தப்பிக்கத்தான் இந்தக் கதை.

2

முதல் தொடக்கம்: "நூறாண்டு கண்ட சோப்பு ஆலை, கலைக்கூடமாகக் கண் திறந்தபோது..."

(அடித்துவிட்டேன். ஆலைக்கு ஏது கண்? எரிந்ததெல்லாம் உள்ளே நின்றவர்களின் கண்.)

இரண்டாம் தொடக்கம்: சோப்புக் கட்டிகளுக்கு உறை போட்ட கூடம். சுவரில் ஆள் உயரத்துக்குக் கீறல்கள். நான்கு நெடுங்கோடு, குறுக்கே ஒன்று. மறுபடி நான்கு, குறுக்கே ஒன்று. மற்ற சுவர்களுக்கெல்லாம் வெள்ளையடித்தவர்கள் இதற்கு மட்டும் கண்ணாடி போட்டார்கள். நான் ஒருவரையும் விசாரிக்காமல் வீட்டில் உட்கார்ந்து எழுதினேன்: "பெயரறியாக் கைகளின் தியானம்..."

[அடிக்குறிப்பு மாதிரி: 'தியானம்' என்று போட்டால் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. சரக்கு தெரியாதபோது உறையைப் பளபளப்பாக்குவது எங்கள் குடும்பத் தொழில்.]

3

இங்கே ஒரு பாத்திரம் வர வேண்டும். கலைக்கூட வாசலில் பைகளைச் சோதிக்கும் அக்கா. ஆலை ஓடிய நாளில் இதே கூடத்தில் உறை மடித்தவர், அதனால் மடிப்பக்கா. கொஞ்சம் சோகமாக்கிப் பார்த்தேன். ஒத்துழைக்கவில்லை.

"தியானம்னு எழுதினது நீங்கதானா தம்பி?"

"ஆமாக்கா."

"மூச்சே விட முடியாத எடத்துல எப்படிப்பா தியானம் பண்றது? காய்ச்சுற தொட்டி பக்கத்துலயே. ஆவிய இழுக்குற ஃபேன் நின்னுபோச்சு. மேனேஜரக் கேட்டா 'அடுத்த வாரம்'பாரு. அவரு ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் ஒரு கோடு. கொண்டை ஊசியால நான்தான் போட்டேன். எரநூத்திப் பன்னெண்டு."

"கடைசில ஃபேன் ஓடுச்சா?"

"ஆலையவே மூடிட்டாங்க. அப்புறம் எதுக்கு ஃபேன்?" சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "என்கூட மடிச்சவ இந்த இருமல்லயே போயிட்டா. வெள்ளிக்கெழம திறப்புக்கு அவ பொண்ணு வருது. அம்மா இங்க தியானம் பண்ணிட்டிருந்தாங்கன்னு படிச்சிட்டுப் போகணுமா அது? உள்ளத எழுதுங்க."

4

இருவரும் கலைக்கூட இயக்குநரிடம் போனோம். (கொடியவராக எழுதிப் பார்த்தேன். மனிதர் நாற்காலி போட்டார், காப்பி வரவழைத்தார். காப்பி கொடுத்தவரை வில்லனாக்குவது சிரமம்.) எல்லாம் கேட்டு உருகினார்.

"எப்பேர்ப்பட்ட வரலாறும்மா! ஆனா பலகை அச்சாகி வந்துருச்சே. அடுத்த வாரம் மாத்திடலாம்."

மடிப்பக்கா கொண்டையிலிருந்து ஊசியை உருவினார். கோபமெல்லாம் இல்லை, பழகின கை. நேராகக் கூடத்துக்கு நடந்தார். பழைய கோடுகள் கண்ணாடிக்குள். பக்கத்துச் சுவரில் வெள்ளை அன்றுதான் காய்ந்திருந்தது. சர்ரென்று ஒரு கோடு.

"என்னம்மா இது! வேலை போயிடும்மா!" என்று இயக்குநர் பின்னாலேயே ஓடி வந்தார்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. "தம்பி, நீங்களாவது இன்னைக்கே மாத்தி எழுதித் தருவீங்கல்ல?"

வேறொரு கதைக்குக் கெடு நெருங்கியிருந்தது. "கண்டிப்பாக்கா," என்றேன், "அடுத்த..."

ஊசி மறுபடியும் சுவருக்குப் போனது.

5

முடிவு ஒன்று: நான் பலகையைக் கழற்றி எறிகிறேன். (ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் திருப்புவது என்று எனக்குத் தெரியாது.)

முடிவு இரண்டு: அந்தப் பெண் வருகிறாள், பலகையைப் படிக்கிறாள், பிறகு அவள்

(இதற்கு மேல் எழுத எனக்குத் தைரியமில்லை.)

இன்று வியாழன். அக்காவின் வேலை, போகுமா இருக்குமா என்று முடிவாகாமல், இயக்குநரின் மேசையில் கிடக்கிறது. பலகை சுவரில் இருக்கிறது. இந்தத் தாள் உங்கள் கையில். நாளை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிடுங்கள். இன்றைக்குச் சௌகரியப்படாது என்று தோன்றினால், அதைச் சொல்வதற்கு முன் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்:

மேனேஜர்: 212.
இயக்குநர்: 1.
நான்: 1.
ஐந்தைந்தாகக் கட்டினால் நாற்பத்திரண்டு கட்டு, உதிரி நான்கு. குறுக்குக் கோடு ஒன்று பாக்கி.