தள்ளுபடிச் செய்தி

கேமரா வாங்கக் கடன் கேட்டிருந்தேன். நான்காம் நாளே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். காரணம் கேட்டேன். "உங்க எஜுகேஷன் லோன் ஏழு மாசமா கட்டலைங்க, சான்ட்ரா மேடம்" என்றார் போனில் பேசிய அம்மாள். மாதம் பிறந்தால் ஒன்பதாயிரம் ரூபாயை அப்பா கணக்கில் போட்டுவிட்டுத்தான் நான் சோப்பே வாங்குவேன். மன்னார்குடி வங்கியில் அதைக் கட்டுவது அப்பாவின் பொறுப்பு. கவுன்டரில் நின்று கையால் கட்டி ரசீது வாங்கினால்தான் அவருக்குக் கட்டியதாகக் கணக்கு.

என் படிப்பின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் மூன்று வருடம் விஸ்காம். கடன் நான்கு லட்சம், வட்டி ஏறி ஐந்தைத் தாண்டியது. சென்னையில் ஒரு செய்தி சேனலில் வீடியோ எடிட்டர் வேலை, சம்பளம் பதினாறாயிரம். கடனுக்கு ஒன்பது, விடுதிக்கு நான்கு, மிச்சம் மூன்றில் நான் ராணி மாதிரி வாழ வேண்டும். கல்யாண வீடியோ எடுப்பவர்கள் என் மாதச் சம்பளத்தை ஒரே முகூர்த்தத்தில் எடுத்துவிடுகிறார்கள். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் எடிட் செய்து கொடுத்தே எழுபதாயிரம் சேர்த்திருந்தேன். இன்னும் ஐம்பது கிடைத்தால் சொந்தக் கேமரா. அதோடு சேனலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம் என்றிருந்தேன்.

அன்றைக்கே பஸ் ஏறினேன். விடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஏழு மாசம் அனுப்புன பணம் எங்கப்பா?"

"எங்கேயும் போகலம்மா. பஞ்சநதத்துக்கிட்ட இருந்த ஒன்றரை மாவை மீட்டுட்டேன். மிச்சம் உழவுக்கும் விதைக்கும் ஆச்சு."

ஒன்றரை மா என்றால் அரை ஏக்கர். என் முதல் வருடச் செலவுக்காக அப்பா அதைப் பக்கத்து வயல்காரர் பஞ்சநதத்திடம் ஒத்தி வைத்திருந்தார். பணத்தைத் திருப்பித் தரும்வரை நிலமும் விளைச்சலும் அவருடையது. ஆறு வருடமாக அப்பா தன் சொந்த வயலின் வரப்பில் அடுத்தவர் வயலைப் போலப் பார்த்துக்கொண்டு போனார்.

"அப்ப பேங்க் கடன்?"

"அது தள்ளுபடி ஆயிடும்மா."

தள்ளுபடி என்றால் அப்பாவுக்குப் பழைய புண். 2006-இல் சொசைட்டியில் வாங்கிய பயிர்க்கடனை, அம்மாவின் சங்கிலியை விற்று, கெடுவுக்கு முன்பே கட்டினார். இரண்டே மாதத்தில் கட்டாதவர்களுக்கெல்லாம் தள்ளுபடி வந்தது. "வாங்க, கவர்மெண்டுக்கே கடன் கொடுத்தவரு" என்று டீக்கடையில் பல வருடம் ஓட்டினார்கள். மனிதர் சிரித்துக்கொண்டே டீ குடிப்பார், வீட்டுக்கு வந்து சாப்பிட மாட்டார்.

"பயிர்க்கடன் வேற, இது வேறப்பா. தள்ளுபடின்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"நீதான்."

"நானா?"

"உங்க டிவில பெருசா எழுத்து போட்டு வந்துச்சே. நீதான போன் பண்ணி, 'அப்பா, எட்டு மணி நியூஸ் பாருங்க, நான் எடிட் பண்ணது வருது'ன்னு சொன்ன?"

சொன்னேன். தேர்தல் நேரம். ஒரு கட்சியின் வாக்குறுதிகளை ஒன்றரை நிமிடத்துக்குள் அடக்கி எடிட் செய்தேன். 'கல்விக் கடன் தள்ளுபடி!' என்று சிவப்பில் பெரிதாகப் போடச் சொன்னார்கள், போட்டேன். 'ஆட்சிக்கு வந்தால்' என்பது கீழே ஓடும் வரியில், பொடி எழுத்தில் போனது.

"அந்தக் கட்சிதான் தோத்துப்போச்சேப்பா!"

"தோத்தா என்ன? வந்தவங்க பயிர்க்கடனைத் தள்ளலையா? இதையும் தள்ளிடுவாங்கன்னு இருந்தேன். இல்லாத ஒண்ணை நீ போடுவியா?"

தப்பு என்மேல் இருந்தால் எனக்குக் கோபம்தான் வரும். "அதெல்லாம் எனக்குத் தெரியாது. நிலத்தை மறுபடி ஒத்தி வச்சு பேங்குல கட்டுங்க. எனக்குக் கேமரா வேணும்" என்று கத்தினேன்.

"சேசுவே, இப்பதான்டி நாத்து விட்டிருக்காரு" என்றாள் அம்மா.

"நீ சும்மா இரு, புஷ்பம். அவ பணம்தானே" என்றார் அப்பா. "எவ்வளவு கட்டணும்னு பேங்குல கேட்டுக்கிட்டு, அப்படியே பஞ்சநதத்தைப் பாத்துடலாம்."

வங்கி மேலாளர் கணினியைப் பார்த்து, வட்டியோடு அறுபத்தாறாயிரத்துச் சொச்சம் நிலுவை என்றார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா ஒரு தவணை தவறல. திடீர்னு ஏன் நிறுத்தினீங்க? தள்ளுபடின்னு டிவில பாத்தீங்களா? உண்மையைச் சொல்லுங்க. அவனுங்க பாட்டுக்குப் போட்டுட்டுப் போயிடுறானுங்க, பாதி ஜனம் அதை நம்பிக் கட்டாம உக்காந்திருக்கு. பொண்ணு என்ன வேலை பாக்குறாங்க?"

"சென்னையில டிவில இருக்குங்க" என்றார் அப்பா. அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: "டிவியெல்லாம் பாக்கலீங்க சார். மறந்துட்டேன்."

"ஏழு மாசமா மறந்தீங்க?"

"ஆமாங்க. வயசாயிடுச்சுல்ல."

நடவாளின் கூலியை மறுநாளுக்கு வைக்காதவர் என் அப்பா பெரியநாயகசாமி. மேலாளர் விடவில்லை. கடன் வாங்கும்போது நன்றாக ஞாபகம் இருக்கிறது, கட்டும்போது மறந்துவிடுகிறதா என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு, ஆமாங்க ஆமாங்க என்று தலையாட்டினார். நான் வெட்கத்தில் செத்தேன். எழுந்து கத்த வேண்டும்போல இருந்தது, ஆனால் யாரைப் பார்த்துக் கத்துவது?

பையிலிருந்து செக் புத்தகத்தை எடுத்தேன். நிலுவை முழுவதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"கேமராம்மா?" என்றார் அப்பா மெதுவாக.

"நீங்க நாத்தைப் பறிச்சு நடுங்கப்பா" என்றேன். செக்கை மேலாளரிடம் நீட்டினேன். "சார், அவர் மறக்கல. அந்தச் செய்தியைப் போட்டவங்கள்ல நானும் ஒருத்தி. என்னைத் திட்டுங்க."