முழங்கை மடிப்பில் ஓர் ஊசி

"அந்தப் பொண்ணு ஊசி போட்டா போட்டதே தெரியல. கையா அது, பஞ்சு!"

குடல்வால் அறுவை முடிந்து படுத்திருந்த கணவன் வெகுளியாகத்தான் சொன்னான். மனைவிக்கு வயிறு எரிந்தது. அவளும் அதே மருத்துவமனையில் நர்ஸ்தான், குழந்தைகள் வார்டு. பிஞ்சுக் கையிலும் முதல் குத்திலேயே ரத்தக்குழாயைப் பிடிப்பவள் என்று பெயர் எடுத்தவள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் கையைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்தப் பெண்ணோ வேலைக்குச் சேர்ந்தே சில மாதம்தான். போதாக்குறைக்கு அழகு வேறு.

சாயங்காலம், மருந்து ஏற்ற ஊசி செருகியிருந்த இடம் வீங்கிவிட்டது. வேறு இடத்தில் குத்த வேண்டும். சின்னவள் ட்ரேயோடு வந்தாள்.

"குடும்மா, நானே போடறேன்."

"உங்களுக்கு எதுக்குக்கா சிரமம்?"

"என் புருஷனுக்கு ஊசி போட எனக்கென்ன சிரமம்?"

குரலில் இருந்த காரத்தைக் கண்டு சின்னவள் ட்ரேயை வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

மனைவி அவன் மேல்கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டினாள். முழங்கை மடிப்பில் விரல் வைத்துத் துடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வழக்கம். இன்று பார்க்கவில்லை. குத்தினாள். செக்கச்செவேலென்று ரத்தம் சிரிஞ்சுக்குள் ஏறியது. முதல் குத்திலேயே! கட்டைவிரல் மருந்தைத் தள்ளப் போனது. ரத்தம் விட்டுவிட்டுத் துடித்துத் துடித்து ஏறுவதை அப்போதுதான் பார்த்தாள். விரல் அப்படியே நின்றது. ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்தினாள்.

"என்னாச்சு?"

"தமனியில குத்திட்டேன். சிரை இப்படித் துடிக்காது."

"எல்லாத்துலயும் ரத்தம்தானே ஓடுது? எதுல போட்டா என்ன?"

"சிரையில போட்டா மருந்து இதயத்துக்குப் போய், நிறைய ரத்தத்தோட கலந்து நீர்த்துப் பரவும். தமனி விரல் நுனியைப் பாத்து ஓடுது, போகப் போக மயிரிழையாப் பிரியுது. மருந்து நீர்க்காம அங்க போய் அடைச்சா விரல் கறுத்துடும். கையையே எடுக்க வேண்டி வரலாம்."

"கையை எடுக்கற அளவுக்கு என் மேல என்னடி கோபம்?"

"உங்க மேல இல்ல." கண் நிறைந்துவிட்டது. "அவ கை பஞ்சு. என் கை என்ன, கட்டையா?"



வெட்கத்தை விழுங்கிக்கொண்டு சின்னவளைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். டாக்டர் வந்து விரல்களின் நிறத்தையும் மணிக்கட்டுத் துடிப்பையும் பார்த்து, பயமில்லை என்றார். சின்னவள் மறுகையின் புறங்கையில் சிரையைப் பிடித்து மருந்தை ஏற்றினாள்.

"நானா இருந்தா மருந்தைத் தள்ளியிருப்பேன்க்கா. நீங்க கண்டுபிடிச்சுட்டீங்க."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இந்தப் பாராட்டுதான் சுருக்கென்று தைத்தது.

கணவன் விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப அவ போட்டது வலிச்சுதா?" என்றாள் மனைவி.

"வலிச்சுதுன்னா அந்தப் பொண்ணு மனசு நோகும். வலிக்கலன்னா நீ என்னை உயிரோட விடமாட்ட. நான் ஊமை."

பஞ்சை அழுத்தியபடியே சிரித்துவிட்டாள். ஆனாலும் அடுத்த வேளை மருந்து வரும்வரை கட்டிலை விட்டு நகரவில்லை.